'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'... சரி, இன்னும் எத்தனை நிமிஷம்? கஸ்டமர் கேர் காத்திருப்பின் கணக்கு

சனிக்கிழமை இரவு 9.40. செல்போனில் ஒரு எஸ்.எம்.எஸ். உங்கள் கார்டில் இருந்து 18,500 ரூபாய் போயிருக்கிறது. நீங்கள் எதுவும் வாங்கவில்லை. பதறிப்போய் வங்கியின் கஸ்டமர் கேருக்கு போன் போடுகிறீர்கள். தமிழுக்கு ஒரு எண், கார்டுக்கு ஒரு எண், கடைசியாக 'அதிகாரியிடம் பேச' ஒரு எண். அழுத்தியதும் இசை. நடுவில் ஒரு குரல்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்."

3 நிமிடம் ஆகிறது. 5 நிமிடம் ஆகிறது. அதே இசை, அதே குரல்.

அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தகவல்தான். இன்னும் எவ்வளவு நேரம்? 2 நிமிடம் என்றால் காத்திருக்கலாம். 25 நிமிடம் என்றால் கட் பண்ணிவிட்டு ஆப்பில் கார்டை பிளாக் செய்யப் போகலாம். அது தெரியாததால் இரண்டையும் செய்யாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.

இத்தனைக்கும் அந்தத் தகவல் மறுமுனையில் இருக்கிறது. கால் சென்டரில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுவரில் பெரிய டிஸ்ப்ளே இருக்கும். வரிசையில் எத்தனை பேர், அதிக நேரமாகக் காத்திருப்பவர் எத்தனை நிமிடமாக நிற்கிறார், எத்தனை ஏஜென்ட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என எல்லாம் ஓடும். எண்ணிக்கை எல்லை தாண்டினால் சிவப்பாக மாறும். உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது. காத்திருக்கும் நமக்குத்தான் தெரிவதில்லை.

ஏன் சொல்வதில்லை? சொன்னால் என்ன ஆகும்? அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பார்க்கலாம்.

நேரம் தெரிஞ்சா என்ன மாறிடும்?

கிளினிக்கில் டோக்கன் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுடையது 47. உள்ளே 31 ஓடுகிறது. என்ன செய்வீர்கள்? வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவீர்கள். அதே கிளினிக்கில் டோக்கனே இல்லாமல், "கூப்பிடுறோம், உக்காருங்க" என்று மட்டும் சொன்னால்? நாற்காலியை விட்டு நகர மாட்டீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பீர்கள். இரண்டு இடத்திலும் காத்திருக்கும் நேரம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது இடத்தில் அது ரொம்ப நீளமாகத் தெரியும்.

இதை 1985-ல் டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர், வரிசையில் நிற்பதன் உளவியல் பற்றிய கட்டுரை ஒன்றில் தெளிவாக எழுதினார். சும்மா இருக்கும் நேரம் நீளமாகத் தெரியும். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும். ஏன் தாமதம் என்று சொல்லாவிட்டால் இன்னும் நீளும். பதற்றம் இருந்தால் அதற்கும் மேல். கார்டில் பணம் போனவருக்கு இந்த நான்கும் ஒன்றாக நடக்கிறது.

ஹோல்டு மியூசிக் இந்த நான்கில் முதல் பிரச்சினைக்கு மட்டும்தான் மருந்து. லைன் கட்டாகிவிட்டதோ என்ற சந்தேகமும் அதனால் தீரும். மற்ற மூன்றுக்கும் இசையால் பதில் சொல்ல முடியாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த நிரா முனிகோர், அனத் ரஃபேலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், போனில் காத்திருப்பவர்களுக்கு மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு இசை. சிலருக்கு மன்னிப்பு கேட்கும் அறிவிப்பு. சிலருக்கு வரிசையில் எத்தனையாவது இடம் என்ற தகவல். பாதியில் போனை வைத்தவர்கள் குறைவாக இருந்தது மூன்றாவது வகையில்தான். அனுபவம் பரவாயில்லை என்று அதிகம் சொன்னதும் அவர்கள்தான். 'நாம் முன்னேறுகிறோம்' என்ற உணர்வுதான் காரணம் என்கிறது ஆய்வு. 'மன்னிக்கவும், மன்னிக்கவும்' என்று திரும்பத் திரும்பச் சொல்வது அந்த வேலையைச் செய்யவில்லை.

அந்த நிமிடத்தை எப்படிக் கணக்கு போடுறாங்க?

அடிப்படை ரொம்ப எளிது. 10 ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். ஒரு அழைப்பை முடிக்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. போனை வைத்த பிறகு கம்ப்யூட்டரில் விவரம் பதிவு செய்யும் நேரமும் இதில் சேர்த்தி. அப்படியானால் நிமிடத்துக்கு 2 அழைப்புகள் முடிகின்றன. உங்களுக்கு முன்னால் 20 பேர் என்றால், சுமார் 10 நிமிடம்.

இன்னொரு வழியும் உண்டு. இப்போது இணைப்பு கிடைத்த கடைசி நபர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பார்த்து, அதையே உங்களுக்கும் சொல்வது. ஹோட்டல் வாசலில் நிற்கும்போது, உள்ளே போகிறவரிடம் "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க பாஸ்?" என்று கேட்பது மாதிரி. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், இதைப் பற்றித் தீவிரமான கணித ஆய்வுகளே நடந்திருக்கின்றன. வரிசையின் வேகம் திடீரென மாறாத வரை இது நன்றாகவே வேலை செய்யும்.

அப்புறம் ஏன் தப்பாகுது?

'காத்திருப்பு நேரம் 4 நிமிடம்' என்பார்கள். 9 நிமிடம் கழித்தும் இசை ஓடிக்கொண்டிருக்கும். எல்லா நேரத்திலும் அது பொய் என்று சொல்லிவிட முடியாது. கணக்கைக் குழப்பும் காரணங்கள் நிறைய.

முதலாவது, வரிசை ஒன்று இல்லை. கோயிலில் தர்ம தரிசன வரிசையில் நாம் நிற்கும்போது, பக்கத்தில் சிறப்பு தரிசன வரிசை விறுவிறுவென நகரும், இல்லையா? இங்கும் அதேதான். பிரீமியம் வாடிக்கையாளர் உங்களுக்குப் பின்னால் வந்து முன்னால் போவார். நீங்கள் அதைப் பார்க்க முடியாது.

இரண்டாவது, மொழி. மையத்தில் 50 ஏஜென்ட்கள் இருக்கலாம். தமிழ் பேசுபவர்கள் அதில் 6 பேர் என்றால், தமிழைத் தேர்ந்தெடுத்த உங்களுக்கு 6 பேர்தான் கணக்கு. மொத்த சராசரியை வைத்து நேரம் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, பாதியில் விலகுபவர்கள். முன்னால் 5 பேர் போனை வைத்துவிட்டால் உங்கள் நேரம் குறையும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. '20 நிமிடம் ஆகும்' என்று அறிவித்ததும் பலர் விலகிவிடுவார்கள். அதனால் மீதி இருப்பவர்களுக்கு 20 நிமிடம் ஆகாது. சொன்ன தகவலே வரிசையை மாற்றிவிடுகிறது.

நான்காவது, திடீர் வெள்ளம். நெட்வொர்க் டவுன், யு.பி.ஐ. வேலை செய்யவில்லை, புயலில் கரன்ட் போய்விட்டது. 5 நிமிடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே எண்ணை அழைப்பார்கள். இப்போது இணைப்பு கிடைத்தவர் வெள்ளத்துக்கு முன்பே வரிசைக்கு வந்தவர். அவருடைய காத்திருப்பை வைத்து உங்களுக்கு நேரம் சொன்னால், அது பழைய கணக்கு.

37 நொடி எப்படி 8 நிமிடம் ஆகிறது?

'கூட்டம் கொஞ்சம்தான் அதிகம், அதுக்கு இவ்வளவு நேரமா?' என்று தோன்றும். இதற்குப் பதில் 100 வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதவியலாளர் அக்னர் கிராரப் எர்லாங், போன் அழைப்புகளின் கணக்கு பற்றி 1909-ல் முதல் கட்டுரையை வெளியிட்டார். 1917-ல் அவர் கொடுத்த சூத்திரங்களின் வழியில்தான் இன்றைக்கும் எந்த ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பல கால் சென்டர்கள் திட்டமிடுகின்றன.

அதில் நம் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். 10 ஏஜென்ட்கள், ஒரு அழைப்புக்கு 5 நிமிடம். யாரும் பாதியில் விலகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

• மணிக்கு 90 அழைப்புகள் வந்தால், சராசரி காத்திருப்பு சுமார் 37 நொடி.

• மணிக்கு 108 வந்தால், சுமார் 3 நிமிடம் 20 நொடி.

• மணிக்கு 114 வந்தால், 8 நிமிடத்துக்கும் மேல்.

அழைப்புகள் கால் பங்கு கூடியதற்குக் காத்திருப்பு 13 மடங்கு கூடுகிறது. 10 பேரால் மணிக்கு அதிகபட்சம் 120 அழைப்புகளை எடுக்க முடியும். அந்த எல்லையை நெருங்க நெருங்க வரிசை வீங்கும். ஏஜென்ட்கள் ஒரு நொடிகூட சும்மா இருக்கக் கூடாது என்று நிறுவனம் செலவை இழுத்துப் பிடித்தால், அந்த மிச்சத்தை நாம் நம் நேரத்தில் கட்டுகிறோம். உள்ளே இருப்பவர்களுக்கும் இது சுகமில்லை. அடுத்தடுத்து அழைப்புகள், ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே கொதித்துப்போன ஒருவர். முதல் நிமிடம் திட்டு வாங்குவதிலேயே போய்விடும். அழைப்பு நீளும், வரிசை இன்னும் நீளும்.

தெரிஞ்சும் ஏன் சொல்றதில்லை?

நிறுவனங்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு. தப்பான நேரம் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. '4 நிமிடம்' என்று சொல்வது ஒரு வாக்குறுதி. அது தவறினால், எதுவும் சொல்லாததைவிட அதிகக் கோபம் வரும்.

மீதிப் பாதியை வெளியே சொல்ல மாட்டார்கள். 25 நிமிடம் என்று அறிவித்தால், ஆள் பற்றாக்குறையை ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாமல் இசையைப் போட்டால் பழி இசையோடு போய்விடும்.

கால் சென்டர் உலகில் ரொம்ப காலமாக ஒரு இலக்கு உண்டு. 80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீதி 20 சதவீதம் பேர் 1 நிமிடம் நின்றார்களா, 40 நிமிடம் நின்றார்களா என்பது அந்தக் கணக்கில் வராது. கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது என்பதும் முக்கியம். பொதுவாக நீங்கள் எண்ணை டயல் செய்த நொடியில் இருந்து அல்ல. 'மொழிக்கு ஒன்று, சேவைக்கு இரண்டு' எல்லாம் முடிந்து வரிசைக்குள் வந்த பிறகுதான். அறிக்கையில் இருக்கும் நேரமும் உங்கள் போனில் ஓடிய நேரமும் ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணம்.

பிரிட்டன் சொல்லும் பாடம்

காத்திருப்பு கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் வரித்துறையான ஹெச்.எம்.ஆர்.சி. ஓர் உதாரணம். அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் வரித்துறைக்கு போன் செய்தவர்கள் எல்லோரும் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் 798 ஆண்டுகள். 2019-20-ல் இது 365 ஆண்டுகள். 2023-24-ன் முதல் 11 மாதங்களில் சராசரி காத்திருப்பு கிட்டத்தட்ட 23 நிமிடம்.

அதே 11 மாதங்களில், 70 நிமிடம் காத்திருந்த பிறகு இணைப்பு தானாகவே துண்டிக்கப்பட்டவர்கள் சுமார் 44 ஆயிரம் பேர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்காமல் வரிசையில் இருந்து வெளியே தள்ளப்படுகிறார். துண்டிக்கப்பட்டவர் என்ன செய்வார்? மறுபடியும் போன் செய்வார். பழைய அழைப்பு புது அழைப்பாகி, வரிசை மேலும் வீங்கும்.

2024 மார்ச்சில், ஆண்டில் 6 மாதம் சுயமதிப்பீட்டு வரிக்கான ஹெல்ப்லைனையே மூடப்போவதாக ஹெச்.எம்.ஆர்.சி. அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அந்த முடிவை நிறுத்திவைத்தது. ஆன்லைனில் எல்லாம் கிடைத்தாலும், போனை எடுத்துப் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதில் மக்கள் உறுதியாக இருந்தார்கள்.

இந்தியாவில் விதி என்ன?

தொலைத்தொடர்பில் டிராய் ஒரு தர அளவுகோல் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தில், ஊழியரிடம் பேச வரும் அழைப்புகளில் 95 சதவீதத்தை 90 நொடிக்குள் எடுக்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிமுறைகளிலும் இது தொடர்கிறது. புகார் பதிவானதும் அதற்கான தனி எண்ணைத் தர வேண்டும் என்பதும் டிராய் விதிதான்.

வங்கி விஷயத்தில் காத்திருப்பு நேரடியாகப் பணத்தைத் தொடுகிறது. மோசடிப் பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால், உதாரணமாகக் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது.

அந்த 'சொல்லும் வரை' என்ற இடத்தில்தான் ஹோல்டு மியூசிக் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வரிசையில் நிற்கும் 10 நிமிடத்தில் இன்னொரு பரிவர்த்தனை நடந்தால் அது யார் கணக்கு? அதனால்தான் அதே சுற்றறிக்கை போனை மட்டும் நம்பவில்லை. 24 மணி நேரமும் இணையதளம், எஸ்.எம்.எஸ்., இ-மெயில், ஐ.வி.ஆர். என்று பல வழிகளில் புகார் பதிய வசதி வேண்டும் என்றது. எச்சரிக்கையாக வரும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கே பதில் அனுப்பிப் புகார் சொல்ல வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காத்துக் காத்து வெறுத்துப்போனவர், 'வேற நம்பர் இருக்கா பார்ப்போம்' என்று கூகுளில் தேடுவார். போலி கஸ்டமர் கேர் எண்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கும் மோசடிக் கும்பல் காத்திருப்பது அங்கேதான். அந்த எண்ணில் முதல் ரிங்கிலேயே எடுப்பார்கள்.

எப்படிச் சொன்னா சரி?

துல்லியமான நிமிடம் வேண்டாம். '5 முதல் 8 நிமிடம்' என்று ஒரு வரம்பு போதும். வரம்பின் மேல் பக்கம் கொஞ்சம் தாராளமாக இருப்பது நல்லது. 8 என்று சொல்லி 6-ல் எடுத்தால் யாருக்கும் கோபம் வராது.

ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடக் கூடாது. நிலைமை மாறினால் திரும்பச் சொல்ல வேண்டும். எத்தனையாவது இடம் என்று மட்டும் சொல்வதும் போதாது. 12-வது இடம் என்றால் 3 நிமிடமா 30 நிமிடமா என்று நமக்கு எப்படித் தெரியும்? இடமும் நேரமும் சேர்ந்து வேண்டும்.

காரணத்தையும் சொல்லலாம். 'வேளச்சேரி பகுதியில் இணைப்பு பாதிப்பு எங்களுக்குத் தெரியும், இரவு 11 மணிக்குள் சரியாகும்' என்று வரிசையின் தொடக்கத்திலேயே ஒரு அறிவிப்பு வந்தால், பாதிப் பேர் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தத் தகவல் மட்டும்தானே.

நேரம் நீளமாக இருந்தால் மாற்று வழி வேண்டும். அதில் சிறந்தது கால்பேக். உங்கள் இடம் வரிசையில் அப்படியே இருக்கும். முறை வந்ததும் அவர்களே அழைப்பார்கள். கிளினிக் டோக்கன் மாதிரிதான். டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் சொன்ன நேரத்தில் கூப்பிடவில்லை என்றால், அடுத்த முறை யாரும் அந்த வசதியை நம்ப மாட்டார்கள்.

நாம என்ன செய்யலாம்?

• பணம் போயிருந்தால் ஒரே போனில் காத்திருக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள். வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் புகாருக்கான எண் இருக்கிறதா என்று பாருங்கள். சைபர் மோசடி என்றால் 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

• கஸ்டமர் கேர் எண்ணைக் கார்டின் பின்பக்கத்தில் இருந்தோ அதிகாரப்பூர்வ ஆப்பில் இருந்தோ எடுங்கள். இப்போதே போனில் சேமித்து வையுங்கள். தேடல் முடிவுகளில் வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

• வரிசை நகர்வது தெரிந்தால், கட் செய்து மறுபடி அழைக்காதீர்கள். பெரும்பாலும் கடைசி இடத்துக்குத்தான் போவீர்கள்.

• பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அழைத்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள் என்பதை கால் லாகில் இருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எப்போது தகவல் சொன்னோம் என்பதற்கு அது சான்று.

• தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

• போனை எடுப்பவரைத் திட்டுவதில் பயன் இல்லை. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்தது அவர் இல்லை. காத்திருந்த நேரத்தையும் புகாரில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவு எடுப்பவர் கண்ணில் படும் வழி அதுதான்.

அடுத்த முறை 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற குரலைக் கேட்டால், அடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். 'இன்னும் 7 நிமிடம் ஆகலாம், வேண்டுமானால் நாங்களே அழைக்கிறோம்' என்று வந்தால், காத்திருப்பதா வேண்டாமா என்ற முடிவை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வெறும் இசை வந்தால், அந்த முடிவையும் சேர்த்தே ஹோல்டில் போட்டிருக்கிறார்கள்.